'தெரியவில்லை' என்பதும் பதில்தான்

எம்.டி. இறுதித் தேர்வுக்குப் போகும் நம் மாணவர்களுக்காக இது.

எழுத்துத் தேர்வில் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். வைவாவில் நீங்கள் சொல்லும் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். சரியாகச் சொன்னால் இன்னும் ஆழமாகக் கேட்பார்கள்.

போன வருஷம் நம் மாணவி ஒருத்தி போனில் அழுதாள். "நாலு தேர்வாளர்கள் சார். வெளியூரிலிருந்து வந்தவர் விடவே இல்லை. கடைசியில் 'தெரியவில்லை சார்' என்றுவிட்டேன்."

"அதற்கு முன் எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னாய்?"

எண்ணிப் பார்த்தாள். பதினொன்று. பன்னிரண்டாவது கேள்வி வந்ததே அவளுக்குக் கிடைத்த மரியாதைதான்.

தெரியாத இடத்தில் மழுப்பாதீர்கள். நாளை நோயாளியிடமும் 'எனக்குத் தெரியவில்லை, பெரிய டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லத் தைரியம் வேண்டும். அந்த மேசையில் அதையும்தான் பார்க்கிறார்கள்.

வைவா முடித்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அடுத்துப் போகிறவர்களுக்குப் பயம் குறையும்.