பிள்ளைக்காம்பரா

லண்டன் ஈஸ்ட் ஹாமில் பஸ் ஏறியதும், முன்னால் இருந்தவளின் நனைந்த கம்பளிக் கோட்டிலிருந்து வந்த வாசம் என்னை இலங்கையின் தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனது, மழையில் கொழுந்தெடுத்துத் திரும்பும் அம்மாயியின் கருப்புக் கம்பளியிலும் அதே வாசம்தான், கொஞ்சம் வெற்றிலையும் தேங்காய் எண்ணெயும் கூட இருக்கும்.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், கைக்குழந்தையாயிருந்த அம்மாவைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறுவாளாம், நடுவில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஏறுவாளாம், பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளே என்று தோட்டத்தில் எவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கொழுந்து முற்றிவிடக்கூடாது என்பதில் துரையும் கங்காணியும் ஒரே மனசு. அந்த வேலைக்கு ஆணுக்குச் சமமான சம்பளம் வந்தது 1984இல்தான்.

அம்மா படித்து ஹட்டனில் டீச்சரானாள், அப்போதுதான் தோட்டத்து வீட்டு வரிசையான லயமே வாய் திறந்தது, "புள்ளைய விட்டுட்டு சேலைய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போறா" என்று. கூடை சுமந்தவளைக் கேட்காததைச் சாக்குக்கட்டி பிடித்தவளைக் கேட்டார்கள். அம்மாயி என்னை மடியில் போட்டுக்கொண்டு, வாசல்படியில் பாக்கு இடித்தபடி, "நாந்தான் இருக்கேன்ல" என்று மட்டும் சொல்வாள்.

இங்கிலாந்தும் அப்படித்தான் இருந்திருக்கிறது, 1944 வரை பெண் டீச்சர் கல்யாணம் செய்தால் வேலையை விட்டு அனுப்பலாம், இரண்டாம் உலக யுத்தத்தில் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டியபோது குழந்தைக் காப்பகங்களைத் திறந்தார்கள், யுத்தம் முடிந்ததும் பலவற்றை மூடினார்கள். பெண்ணின் உழைப்பு மட்டும் போதும் என்ற அதே மனசை எதிர்த்து, 1976இல் லண்டன் வில்ஸ்டனில், கட்டாய ஓவர்டைம் பொறுக்காமல் கிரன்விக் ஃபிலிம் கழுவும் ஆலையிலிருந்து வெளியே வந்து போராடிய ஜெயாபென் தேசாயும், சேலையோடு குளிரில் நின்ற பெண்களும் நினைவுக்கு வருகிறார்கள். சின்னப் பிள்ளை உள்ள தாய் வீட்டில்தான் இருக்கவேண்டும் என்று பிரிட்டனில் 1989இல் சொன்னவர்கள் 64 சதவீதம், 2012இல் 33.

இப்போது இங்கிலாந்தில் ஒன்பது மாதப் பிள்ளைக்கே வாரம் 30 மணி நேரக் காப்பகச் செலவை, பள்ளி நடக்கும் வாரங்களில், அரசு ஏற்கிறது, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு. ஆனாலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில், முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துத் தூங்காத கண்ணோடு வந்து நிற்பவளிடம், "பிள்ளையை ஆர் பார்க்கிறது?" என்று கேட்கிறார்கள், பக்கத்தில் பெட்ரோல் ஸ்டேஷன் சட்டையோடு நிற்கும் புருஷனை யாரும் கேட்பதில்லை. முன்பெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பேன், இப்போது, அவரையும் கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.