எந்தக் கல்லிலிருந்து?

சிவகங்கை மாவட்டத்தில் எந்தக் கிராமத்தின் எஃப்.எம்.பி. என்ற புல வரைபடத் தாளை விரித்தாலும் அட்சரேகை, தீர்க்கரேகை என்ற பேச்சே இருக்காது. ஒரு புல எண், மூலைகளில் கற்கள், கல்லுக்குக் கல் நீளம், குறுக்கே ஓடும் ஜி லைன் என்ற அளவுக் கோடு, அதிலிருந்து செங்குத்தாக எடுத்த ஆஃப்செட், சுற்றிலும் அண்டைப் புல எண்கள். அவ்வளவுதான். இந்தக் கல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தக் கல்லிலிருந்து இத்தனை மீட்டர் என்று தாள் பதில் சொல்லும். அந்தக் கல் எங்கே? அதற்கு அடுத்த தாளைக் கேட்க வேண்டும்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை மனையோடு அளக்கப் போன குழுவுடன் நானும் ஒட்டிக்கொண்டேன். குறுவட்ட அளவராக இருந்து ஓய்வு பெற்ற சர்வேயர், டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைப் பார்க்கும் ஓர் இளைஞர், இரும்புச் சங்கிலி இழுத்த காலத்திலிருந்தே கூட வரும் செயின்மேன். வீட்டுக்குப் பங்காளிகள் ஐந்து பேர், ஒருவர் கோலாலம்பூரில். பிரிப்பதா, ஓட்டலுக்கு விடுவதா என்று முடிவாகவில்லை. முதலில் வரைபடம் வேண்டும் என்பதில் மட்டும் ஒற்றுமை.

கோலாலம்பூர்க்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த புள்ளியை நம்பிப் போன எங்கள் வண்டி, பின்வாசல் தெருவில் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றது. இங்கே பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். புள்ளி விழுந்ததோ வீட்டின் நடுவே. போன் பொய் சொல்லவில்லை; எந்த வாசல் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. தெருவில் போன ஒருவரிடம் வீட்டு விலாசமான நாலு முதலெழுத்துகளைச் சொன்னோம். முகப்பு வரை கூடவே வந்து விட்டுப் போனார்.

வீட்டுக்குள் போவதற்கு முன் கல் தேடும் படலம். எல்லா வேலையையும்விட இதற்குத்தான் நேரம் போனது. ஊர் விளிம்பில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. செயின்மேன் அரிவாளால் வழி வெட்டிக்கொண்டே போய், கடப்பாரையால் மண்ணைத் தட்டித் தட்டிக் கேட்டார். சரளை மண்ணில் எல்லாமே கல் சத்தம்தானே என்றேன். “இல்லங்க, நட்ட கல்லு அடியில இருந்து பேசும்” என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர் தோண்டச் சொன்ன இடத்தில் கல் இருந்தது.

ஒரு கல் கிடைத்தால் போதாது. பெயர்த்து நட்டிருக்கலாம், துணி துவைக்கக் கொண்டுபோய்த் திரும்பப் போட்டிருக்கலாம். இரண்டாவது கல்லைக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் இடையே அளந்து, தாளோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவதும் ஒத்துவந்தால்தான் சர்வேயர் குடையை மடக்கிக்கொண்டு நகர்கிறார். பழைய தாள்கள் லிங்க் கணக்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலி, அதில் 100 லிங்க், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பின் காலத்தில்தான் பதிவேடுகள் மீட்டருக்கும் ஹெக்டேருக்கும் மாறின. அந்த மாற்றத்தில் எங்கே எந்தத் தசமம் நழுவியது என்பது அவருக்கு மனப்பாடம். சிவகங்கை ஜமீனாக இருந்த ஊர்களில் ரயத்துவாரிப் பட்டா வந்ததே 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். தஞ்சாவூர்ப் பக்கம்போல நூறு வருடத் தாளை இங்கே எதிர்பார்க்காதீர்கள் என்றார்.

பூமியில் ஓர் இடத்தை அண்டை அயலைக் கேட்காமல் சொல்லவும் வழி இருக்கிறது. பக்கத்தில் உள்ள காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகை 4 கலை. அதாவது ஏறத்தாழ 1,110 கிலோமீட்டர். இதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். மார்ச் 21 நடுப்பகலில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டால் நிழல் 18 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விழும்; அந்தச் சாய்வுதான் அட்சரேகை. ஏப்ரல் நடுவில் ஒரு நாள் நிழலே இருக்காது. அப்போது கைக்கடிகாரம் பன்னிரண்டு காட்டாது, பன்னிரண்டே கால் காட்டும். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. காரைக்குடி அதற்கு மேற்கே கால் பாகை குறைய நாலு பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிடம். கிழக்கு மேற்கைக் கடிகாரம் இல்லாமல் சொல்லவே முடியாது. செயற்கைக்கோள் செய்வதும் கடிகார வேலைதான், நொடியின் நுண்பகுதியில்.

இந்த இரண்டு வழிகளையும் தென்னிந்தியாவில் முதலில் பெரிய அளவில் இணைத்தவர் ஆங்கிலேய சர்வேயர் லாம்டன். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதற்குப் பிறகு முக்கோணங்கள்தான்: ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களை நடக்காமலே கணக்கிடலாம். குன்றில்லாத சமவெளியில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து, அரை டன் தியோடலைட் மோதி நசுங்கியது. லாம்டன் தானே உட்கார்ந்து செப்பனிட்டார். அவர் தொடங்கிய பெருவளைவு 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டி ஓடுகிறது, இங்கிருந்து மேற்கே 85 கிலோமீட்டர் தள்ளி.

பகல் உணவுக்குப் பிறகு வீடு. முற்றத்தில்தான் வானம் தெரிகிறதே, ஜி.பி.எஸ். ரோவரை வளவு நடுவில் வைத்தால் என்ன என்று கேட்டேன். இளைஞர் சிரித்தார். “சார், ஒரு துண்டு வானம்தான தெரியுது. தலைக்கு நேர் மேல இருக்கிற சேட்டிலைட் மட்டும் கிடைச்சுப் பிரயோசனம் இல்ல. நாலு திசையிலயும் விரிஞ்சு கிடக்கணும்.” ரோவர் முன் தெருவில் ஒருமுறை, பின் தெருவில் ஒருமுறை நின்றது. இரண்டையும் இணைக்க டோட்டல் ஸ்டேஷனை முகப்பில் நிறுத்தினார்கள். செட்டிநாட்டு வீட்டைக் கட்டியவர்கள் சர்வேயருக்காகவே கட்டினார்களோ என்று அப்போது தோன்றியது: முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று எல்லா வாசல்களும் ஒரே கோட்டில். கதவுகளைத் திறந்ததும் பின் தெருவில் செயின்மேன் பிடித்திருந்த பிரிசம் கருவிக்குள் தெரிந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி மட்டும் குறுக்கே நடந்துகொண்டே இருந்தார். “ஆச்சி, ஒரு நிமிசம் நில்லுங்க” என்று இளைஞர் கெஞ்சினார். “நான் நின்னா ஒங்களுக்குக் காப்பி யாரு போடுறது?” என்று கேட்டுவிட்டு அவர் அடுப்படிக்குள் போன இடைவெளியில் அளவு பதிந்தது.

சாயங்காலம் எண்கள் வந்தன. தசமப் பாகையில் ஆறு இலக்கம். நாலாவது இலக்கம் வரை எழுதினால் 11 மீட்டர் வித்தியாசம் வரலாம், ஐந்தாவது வரை எழுதினால் ஒரு மீட்டர், ஆறாவது வரை என்றால் ஒரு சாண்கூட இல்லை. விகலையை முழு எண்ணாக எழுதினால் நூறு அடி ஆட்டம். பக்கத்து வீட்டுக்காரரின் வளவு நம்முடையதாகிவிடும். பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் கோளவடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை, செயற்கைக்கோள் வேறொன்றை. மாற்றாமல் ஒன்றின் எண்ணை மற்றதன் மேல் வைத்தால் நூறு மீட்டருக்கு மேலேயே விலகும். எண்ணோடு எந்த அடிப்படை என்றும் எழுதாத வரைபடத்தைச் சர்வேயர் வரைபடமாகவே மதிப்பதில்லை.

இவ்வளவு துல்லியம் வந்த பிறகு கல் எதற்கு என்று சர்வேயரிடம் கேட்டேன். “வழக்குன்னு போனா கோர்ட் கமிஷனர் வந்து நிக்கிறது கல்லுக்குப் பக்கத்துலதான். பத்திரத்துலயும் தாள்லயும் இருக்கிறது அதுதான்” என்றார். அதனால் தாளில் இரண்டும் ஏறின: ஒவ்வொரு மூலைக்கும் செயற்கைக்கோள் எண், கூடவே மூன்று பழைய கற்களிலிருந்து நீளம். வடக்குக் குறி, அளவுகோல், அளந்த தேதி.

நாலாவது கல் மட்டும் கிடைக்கவில்லை. கணக்குப்படி அது அடுத்த மனையின் சுற்றுச்சுவருக்கு அடியில் இருக்க வேண்டும். சுவர்க்காரருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு மறுபடி வரவேண்டும் என்று சர்வேயர் குறித்துக்கொண்டார். அந்த நாளுக்கு ஆள் கிடைக்குமா என்று செயின்மேன் அங்கேயே போனில் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.