மிதித்தால் திணறும் வண்டி

பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இழுவை அறுந்து அறுந்து வருவதைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் எரிய வேண்டிய கலவை எரியவில்லை. அந்த ஓர் அடி விழாததால் வண்டி உதறுகிறது. நின்ற இடத்தில் என்ஜின் சீராகவே ஓடும். மேம்பாலம் ஏறும்போதோ லாரியை முந்தப் பார்க்கும்போதோதான் கோளாறு தலைகாட்டும். மிதித்தவுடன் சிலிண்டருக்குள் காற்று கூடுதலாகப் போகிறது, அழுத்தம் ஏறுகிறது. அந்த நெருக்கத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய மின்னழுத்தமும் கூடுதலாக வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை இருபதாயிரத்துக்கும் மேலே உயர்த்தித் தருவது காயிலின் வேலை. சும்மா ஓடும்போது ஒப்பேற்றிவிடும் நைந்த காயில், பாரம் ஏறியதும் கைவிரித்துவிடும்.

அதனால்தான் தேர்ந்த மெக்கானிக் பானட்டைத் திறப்பதற்கு முன் வாயைத் திறக்கிறார். “சார், காலையில பண்ணுதா, சூடானப்புறமா? மழைக்கு அப்புறம் ஆரம்பிச்சுதா? கடைசியா எங்க பெட்ரோல் போட்டீங்க?” இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு அவரே ஓட்டிப் பார்ப்பார்: மூன்றாவது கியர், குறைந்த வேகம், ஏற்றம், அழுத்தமான மிதி. ஆர்பிஎம் முள் விறுவிறுவென ஏறியும் வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச் வழுக்கல்; என்ஜினைக் கழற்றிப் பயனில்லை. இந்த ஓட்டத்தைத் தவிர்த்துவிட்டு நேராக ஸ்பேனரை எடுப்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது.

அம்பாசிடர், பத்மினி காலத்தில் சோதனை காதால் நடந்தது. ஓடும் என்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். எதைப் பிடுங்கியும் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. இன்றைய கார்களில் இதைச் செய்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உருகியே போகலாம். காயிலுக்குப் பதில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் சாக்கெட்டைக் கழற்றினால் பெட்ரோலே போகாது, சோதனையும் நடந்துவிடும்.

காதின் இடத்துக்கு இப்போது ஸ்கேனர் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான ஓபிடி-2 முறையின் 16 பின் சாக்கெட், இன்று நம் ஊர்க் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. கிராங்க் சென்சார் ஒவ்வொரு சிலிண்டரின் முறையிலும் தண்டு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பார்க்கிறது. எரியாத சிலிண்டரின் முறை வரும்போது சுழற்சி ஒரு நொடிப்பொழுது தளரும். கணினி அதை ஒரு கோட் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் எரியவில்லை. பி0300 என்றால் இன்ன சிலிண்டர் என்று நிலையாகச் சொல்ல முடியவில்லை. ஏன் எரியவில்லை என்பதைக் கருவி சொல்லாது. மனிதனின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டி, ஸ்கேனரில் கோட் எண்ணை அழித்துவிட்டு மறுபடி ஏற்றத்தில் ஓட்டுவது. இப்போது பி0303 வந்தால் குற்றம் காயிலில். பி0302வே மீண்டும் வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இடம் மாற்றலாம், அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டரை. காயிலை இடம் மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனாலும் நான்கு காயிலையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு பில் போடும் இடங்கள் உண்டு.

கழற்றிய பிளக்கைப் படிப்பது தனிக் கலை. நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. கரிப்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய் ஈரமென்றால் ரிங் அல்லது வால்வ் சீல். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறியிருக்கிறது. பலர் நுனியோடு நின்றுவிடுவார்கள். பிளக்கின் தலையை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றினால் சில சமயம் வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கருப்புக் கோடு தெரியும். பொறி நுனிக்குப் போகாமல் பீங்கானின் மேல் ஊர்ந்து இரும்புக்குத் தப்பியோடிய வழி அது. “அண்ணே, பிளக் புதுசு போட்டும் உதறுதுண்ணே” என்று உதவிப் பையன் வந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதன் ஜோடிக் கோடு: காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே தடம் இருக்கும். உறையை மாற்றாவிட்டால் புதுப் பிளக்கும் கெடும். இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பதும் அவசியம். பெரும்பாலான கார்களுக்கு 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர். சிஎன்ஜி எரிய இன்னும் அதிக மின்னழுத்தம் வேண்டும். பெட்ரோலில் சரியாக ஓடி கேஸில் மட்டும் திணறும் வண்டியில் முதல் சந்தேகம் பிளக்கின் மேல்தான்.

பொறி சரியென்றால் அடுத்தது எரிபொருள். மிதிக்கும்போது பெட்ரோல் பிரஷர் விழக் கூடாது. சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் ஏறத்தாழ 3 முதல் 4 பார் நிற்க வேண்டும். விழுந்தால் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப், அடைத்த ஃபில்டர், தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று தேட வேண்டும். ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம், அதாவது கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை, பார்க்கத் தெரிந்தவருக்கு இது இன்னும் சுலபம். சும்மா ஓடும்போது டிரிம் எகிறி, ஆர்பிஎம் ஏறியதும் சரியானால் எங்கோ வாக்வம் குழாயில் காற்று ஒழுகுகிறது. பாரத்தில் எகிறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது உள்ளே வரும் காற்றை சென்சார் குறைத்துக் காட்டுகிறது. இவையெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் கடைசியில் கம்ப்ரஷன் கேஜ். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

இந்த வரிசையைப் பலர் ஐடிஐயின் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பில் கற்கவில்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக வந்து கற்றவர்கள். தேடும் நேரத்துக்கு அவர்களுக்குக் கூலி கிடையாது. ஒரு மணி நேரம் யோசித்து ரப்பர் உறை ஒன்றை மட்டும் மாற்றினால், “இதுக்கா இவ்வளவு?” என்பார் ஓனர். அதே ஓனர் நான்கு காயிலுக்கு மறுபேச்சில்லாமல் பணம் கட்டுவார். பாகம் விற்றால்தான் பிழைப்பு, உதிரிபாகக் கடையின் கமிஷனும் அதில்தான் என்ற நிலையில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. நடுவில் லாபம் பார்ப்பது நிஜப் பெட்டிக்குள் போலிப் பிளக்கை வைத்து விற்பவன். கெட்ட பெயர் பட்டறைக்கு.

வண்டியை எடுக்கும்போது என்ன கோட் வந்தது என்பதை பில்லில் எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ‘பரிசோதனைக் கூலி’ என்று தனி வரி இருந்தால், அந்த ஒரு வரியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.