பெயர் ஒருவருடையது, பாட்டு இன்னொருவருடையது

ராப் என்றாலே முகம் சுளித்தவர்கள்தாம் நாம். பாட்டென்றால் பண் வேண்டாமா, வேகவேகமாக ஒப்பிப்பதெல்லாம் எப்படிப் பாட்டாகும் என்று வகுப்பிலேயே ஏளனம் செய்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பேசி முடித்த ஒரு நாளில், முதுகலை மாணவர் ஒருவர் தயங்கியபடி வந்து, "ஐயா, இதை ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு பாடலைத் தந்து போனார். 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்'. அன்றிரவே மூன்று முறை கேட்டோம்.

அதற்கு முன் ராப் பெரும்பாலும் கொண்டாட்டத்தின் இசை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி விருந்துகளில் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழற்றித் தாளத்தை நீட்டுவார்கள். அதன்மேல் சொல்லடுக்கி ஆடவைப்பார்கள். 1979இல் புகழ்பெற்ற 'ராப்பர்ஸ் டிலைட்' அவ்வகையே. 'தி மெசேஜ்' நடையைத் தளர்த்தியது. ஏழு நிமிடங்களில் உடைந்த கண்ணாடியும் எலிகளும் கடன் தொல்லையும், இறுதியில் சிறைக்குள் மடியும் ஓர் இளைஞனின் வாழ்வும் வந்துபோகின்றன. தெருவைப் பாட வந்தவர்கள் தெருவின் துயரத்தையும் பாடலாம் என்ற வழி அதன்பின் அகலமாயிற்று.

இதன் பிறப்புக் கதை வியப்பானது. இசைத்தட்டின்மேல் இருக்கும் பெயர் 'கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் ஃபியூரியஸ் ஃபைவும்'. ஆனால் ஃபிளாஷின் கைவண்ணம் இதில் இல்லை. ஆட வருகிறவர்கள் அழுகையைக் கேட்பார்களா என்று குழுவினர் தயங்கினர். பாடலில் பெரும்பகுதியை எழுதியவர் ஷுகர் ஹில் நிறுவனத்தின் தாளக் கலைஞர் எட்வர்ட் ஃபிளெட்சர். 'டியூக் பூட்டி' என்பது அவரது மேடைப் பெயர். குழுவிலிருந்து மெல்லி மெல் மட்டும் அவரோடு சேர்ந்து எழுதிப் பாடினார். விடாப்பிடியாக நின்று வெளிக்கொணர்ந்தவர் நிறுவனத்தை நடத்திய சில்வியா ராபின்சன்.

அமெரிக்காவின் பில்போர்டு பொதுப் பட்டியலில் அப்பாடல் 62ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 1997இல் பஃப் டாடி அதே இசையை எடுத்துத் தம் செல்வத்தையும் வெற்றியையும் பாடியபோது, அது ஆறு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. வறுமையின் மெட்டு பெருமிதத்துக்குப் பயன்பட்ட இந்தத் திருப்பத்தை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு கசப்பு. ஆயினும் 2002இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளாக முதன்முதலில் தேர்ந்த ஐம்பதில் மூலப்பாடல் இடம்பெற்றது. பஃப் டாடியின் பாடலுக்கு அங்கே இடமில்லை.

சொல்லே பெயராகி நின்ற புலவர்கள் நம் மரபில் உண்டு. செம்புலப்பெயனீராரின் இயற்பெயரை அறியோம்; அவர் ஆக்கிய உவமையே அவருக்குப் பெயராயிற்று. ஃபிளெட்சருக்கு வாய்த்தது நேர்மாறு: சொல் நின்றது, மேலே வேறு பெயர் நின்றது. பிற்காலத்தில் அவர் சவானா நகரின் அரசுப் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போலவே விரிவுரையாளராகப் பணியாற்றி, 2021இல் மறைந்தார். அவருடைய வகுப்பில் அமர்ந்தவர்களில் எத்தனை பேர் அவரை அடையாளம் கண்டிருப்பார்கள்?

அந்த மாணவருக்கு நாம் உரிய காலத்தில் பதில் சொல்லவில்லை. ஏளனம் செய்த வாயால் உடனே பாராட்டக் கூச்சமாக இருந்தது. அவர் படிப்பு முடித்துப் போய்விட்டார். இப்போது புறநானூற்றின் வறுமைப் பாடல்களை நடத்தும் நாளில், ஏழு நிமிடம் ஒதுக்கி அந்தப் பாடலையும் ஒலிக்கவிடுகிறோம். எழுதியவர் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான்.