கண்ணாடிக்கு முன்னால் ஒரு கண்ணாடி

மண்டைதீவில் சோளகம் வீசத் தொடங்கிவிட்டால் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு வேலை கூடிவிடும். பண்ணைக் கடல்வீதியால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். பாடசாலைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது கண்ணாடி கழுவுவதுதான். இந்தக் காற்றில் கமராவும் கொண்டு திரிகிறவனின் கவலையை நான் விபரிக்கத் தேவையில்லை.

2014இல் சம்பள நிலுவை கொஞ்சம் மொத்தமாக வந்தது. அதில் ஒரு பழைய நிக்கோன் கமராவை 18-55 வில்லையோடு வாங்கினேன். "வாங்கின கையோட பில்டர் ஒண்டையும் போட்டு விடுங்கோ சேர்" என்றார் கடைக்காரர். வில்லையில் 55 என்று எழுதியிருக்கிறதே என்று 55 மில்லிமீற்றர் பில்டர் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் வைத்துத் திருகினால் ஏறவில்லை. பிள்ளைகளுக்கு ஒளியியல் படிப்பிக்கிற வாத்தியாருக்கு, 55 என்பது குவியத்தூரம், பில்டருக்குப் பார்க்க வேண்டியது வில்லையின் விளிம்பில் குறுக்குக் கோடிட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள எண் என்பது தெரிந்திருக்கவில்லை. என் வில்லைக்கு அது 52. மறுநாள் போய் மாற்றிக்கொண்டேன். பெயரில்லாத கண்ணாடி, விலை சில நூறு ரூபா. அந்தச் சில நூறு ரூபாக் கண்ணாடியால் நான் பறிகொடுத்ததைப் பிறகு சொல்கிறேன்.

அதன் வளையத்தில் யூவீ என்று எழுதியிருந்தது. புற ஊதாக் கதிரைத் தடுக்குமாம். படச்சுருள் காலத்தில் இதற்கு ஒரு தேவை இருந்தது. சுருளுக்குப் புற ஊதா தெரியும். தூரத்துக் கடலும் மலையும் நீலப் புகை மூடியதுபோல் பதியும். இன்றைய டிஜிற்றல் கமராவின் உணரிக்கு முன்னாலேயே அதைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. வில்லைகளின் கண்ணாடியும் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். ஆகவே இப்போது யூவீ என்று விற்பது வெறும் காவற்கண்ணாடிதான். அதற்குமேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

காவல் வேண்டுமா வேண்டாமா என்று படம் பிடிப்பவர்கள் ஓயாமல் சண்டை பிடிப்பார்கள். கண்டியில் இருப்பவருக்கு வேண்டாமலிருக்கலாம். மண்டைதீவில் வேண்டும் என்பேன். உப்புத் துளி காய்ந்தால் பொருக்காகிவிடும். அதில் மணலும் ஒட்டியிருக்கும். சாரத் தலைப்பால் ஒரு தேய் தேய்த்தால் வில்லையின் பூச்சில் கீறல் விழும். பில்டர் என்றால் கழற்றி நல்ல தண்ணியில் அலசலாம். எங்கள் கிணற்றுத் தண்ணியில் அலசினால் அது காய்ந்து இன்னொரு வெள்ளைப் படலத்தை விட்டுப்போகும்; குடிக்கிற தண்ணியில் அரைக் கோப்பையை இதற்குச் செலவழிக்க மனைவியின் அனுமதி வேண்டும். விழுந்தால் காக்குமா என்றால், அவ்வளவு நம்பிக்கை இல்லை. மெல்லிய கண்ணாடி, உடைந்தால் அதன் துண்டே வில்லையைக் கீறும். இடிபடுவதற்கு முன்மூடிக் குழல் நல்லது.

முனைவாக்க பில்டரின் கதை வேறு. அது காவலுக்கானதல்ல. அது செய்வதைப் பிறகு கணினியில் செய்துகொள்ளவும் முடியாது.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு கரையோரச் சாதாழையைப் படமெடுக்கப் போனோம். முழங்காலளவுத் தண்ணீர். படத்தில் வந்ததோ வானத்தின் வெள்ளைதான், அடியில் ஒன்றுமில்லை. பிறகு ஒருவரிடம் இரவலாக முனைவாக்க பில்டர் வாங்கிப் போனேன். வளையத்தை மெல்லத் திருப்பத் திருப்ப வெள்ளை கரைந்து புல்லும் அதற்குள் ஒளிந்த நண்டும் தெரிந்தன. பிள்ளைகள் வரிசை கட்டி நின்று பார்த்தார்கள். சிறகுவலை பார்க்க வந்த பெரியவர் ஒருவரும் பார்த்தார். "தண்ணிக்குள்ள பாக்கிறதுக்கு இது வேணுமோ மாஸ்ரர்? என்ர நிழல் விழுற இடத்தில பாருங்கோ" என்றார். பார்த்தோம். அங்கேயும் தெரிந்தது. வானத்தை மறித்தாலும் அதே வேலை நடக்கும். ஆனால் ஓர் ஆளின் நிழலளவுக்குத்தான்.

பலமான ஒளி மெல்லிய ஒன்றைப் பார்வையிலிருந்து மறைத்துவிடும் என்பதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே பஸ்றாவில் பிறந்த இப்னுல் ஹைதம் தன் கிதாபுல் மனாளிரில் ஆராய்ந்திருக்கிறார். பகலில் நட்சத்திரம் தெரியாதது அதனால்தான். ஆனால் தெறித்து வரும் ஒளிக்கு வேறொரு குணமும் இருப்பது தெரிய 1808 ஆகியது. பாரிஸில் லக்ஸம்பேர்க் மாளிகையின் யன்னல்களில் பட்டுத் தெறித்த சூரியனை மாலுஸ் என்பவர் ஒரு கல்சைற்றுப் பளிங்கினூடாகப் பார்த்தார். பளிங்கைத் திருப்பும்போது ஒளி மங்கிக் கூடியது. கண்ணாடியிலும் தண்ணீரிலும் தெறிக்கும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்துக்கு வந்துவிடுகிறது. அந்தத் தளத்தை மறிக்கும்படி பில்டரைத் திருப்பினால் பளபளப்பு போய்விடும். தண்ணீருக்கு இது முழுமையாக நடப்பது செங்குத்திலிருந்து 53 பாகையில். கமராவை ஐந்தடி உயரத்தில் பிடித்தால் ஏறக்குறைய ஆறரை அடி தள்ளியிருக்கும் தண்ணீர். காலடியிலும் தொடுவானத்திலும் அவ்வளவு வேலை செய்யாது.

வாங்கும்போது வட்ட முனைவாக்க பில்டர் என்று கேட்க வேண்டும். நான் அப்படிக் கேட்டதற்கு, "எல்லாம் வட்டம்தான் சேர், சதுரம் எங்களிட்ட இல்லை" என்றார் கடைப் பையன். இந்த வட்டம் உருவத்தின் வட்டமல்ல. நேர் முனைவாக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு படலம் வைத்து ஒளியைச் சுழலும் அதிர்வாக மாற்றி விடுகிறார்கள். ஆடி வைத்த கமராக்களில் ஒளியைப் பிரித்து அளக்கும் பாகமும் குவியம் பிடிக்கும் பாகமும் அப்போதுதான் ஏமாறாது. சோதிக்கச் சுலபமான வழி உண்டு. கணிப்பான் ஒன்றின் திரைக்கு நேராகப் பில்டரின் முன்பக்கத்தைக் காட்டி, திருகுப் பக்கத்தால் பார்த்துத் திருப்புங்கள். எண்கள் இருண்டு மறைந்தால் முனைவாக்கம் உண்டு. திருகுப் பக்கத்தை முகம்பார்க்கும் கண்ணாடிக்குக் காட்டிப் பிடித்து முன்பக்கத்தால் பாருங்கள். கண்ணாடியில் தெரியும் பில்டர் கறுத்திருந்தால் அது வட்ட வகை. வெறும் சாம்பல் கண்ணாடியை இந்தப் பெயரில் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நீலவானத்துக்காகவும் இதை வாங்குவார்கள். சூரியனுக்குச் செங்கோணத் திசையில்தான் வானம் நன்றாக இருளும். சித்திரை நடுப்பகுதியில் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே வருகிறது. அன்று உச்சிப்பொழுதில் தொடுவானத்தின் எல்லாப் பக்கமும் செங்கோணம்தான். மற்ற நேரங்களில் அகன்ற வில்லையால் எடுத்தால் வானத்தின் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்திருக்கும். உள்ளே வரும் ஒளியில் பாதியோ முக்காலோ குறைந்துவிடும் என்பதால் பறக்கிற பூநாரைக்கு இது உதவாது. வானவில்லையே அழித்துவிடும். மழைக்காலத்தில் தரவையில் தேங்கிய தண்ணீரில் முகில் கிடப்பதை இந்தப் பில்டரோடு எடுத்தேன். முகில் போய்ச் சேறுதான் வந்தது. பளபளப்பு முழுவதும் குற்றமல்ல என்று அன்று விளங்கியது.

இனி அந்தப் படத்தின் கதை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டுப் படங்களில் ஒன்றாவது எங்களோடு வரவில்லை. புத்தளத்தில் கல்யாண வீடுகளில் வாப்பா நிற்கும் படங்கள் பிறகு சேர்ந்தன. ஊரோடு அவர் நிற்கும் படம் மட்டும் இல்லை. 2017 சித்திரை விடுமுறையில் என்னிடம் வந்திருந்தார். ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு, "எங்கட ஊர் பின்னால தெரியோணும் மகன், அப்பிடி ஒண்டு எடு" என்றார். கரைக்குக் கூட்டிப்போனேன். கடலுக்கு அப்பால் பட்டணத்துக் கரை. கூரைகளுக்கு மேலே சூரியன் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. அதை இடப்பக்கம் வைத்து, வாப்பாவை வலப்பக்கம் நிறுத்தி, ஐந்தாறு படம் எடுத்தேன். காற்று இருந்ததால் பில்டரைக் கழற்றவில்லை. கமராவின் சின்னத் திரை வெளிச்சத்தில் ஒன்றும் காட்டவில்லை.

இரவு கணினியில் போட்டுப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் வாப்பாவின் கன்னத்தை மூடிப் பச்சையாக ஒரு வட்டம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் ஏறக்குறைய 4 வீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். நல்ல பலபடைப் பூச்சு அதை 1 வீதத்துக்கும் கீழே கொண்டுவரும். பில்டர் தட்டையான கண்ணாடி. உணரியில் பட்டுத் திரும்பிய சூரியன் அதில் மோதி மறுபடி உள்ளே போய், படத்தின் நடுவுக்கு நேர் எதிர்ப்புறத்தில் விழும். அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். சூரியன், படத்தின் நடு, வாப்பாவின் கன்னம்: மூன்றும் ஒரே கோட்டில். நடுவிலிருந்து இரண்டுக்கும் ஒரே தூரம். பில்டரைக் கழற்ற ஐந்து விநாடி போதும்.

திரும்பவும் எடுக்கலாம் என்று இருந்தேன். அவர் மறுநாள் புத்தளம் போய்விட்டார். நோன்புக்கு முதல் மௌத்தானார்.

பட்டணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தேன். பச்சையை அழித்துக் கன்னம் வரைந்து தந்தார்கள். சுருக்கமில்லாத கன்னம், யாரோ ஒருவருடையது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதலில் இருந்தபடியே ஒரு பிரதி போட்டு உம்மாவிடம் கொடுத்தேன். இப்போது வைத்திருப்பது பலபடைப் பூச்சுள்ள பில்டர். சூரியனோ தெருவிளக்கோ படத்துக்குள் வந்தால் அதையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். முனைவாக்க பில்டரைப் போடும்போதும் காவற்கண்ணாடியைக் கழற்றிவிடுவேன்; இரண்டையும் அடுக்குவதில்லை.

உம்மா அந்தப் படத்தை மாட்டி வைக்கவில்லை. தொழுகிற அறை என்பதால் அலுமாரியில் உடுப்புகளுக்குள் வைத்திருக்கிறா. போன பெருநாளைக்குப் போனபோது எடுத்துக் காட்டினா. "காலை வெயில் எப்பிடிப் பட்டிருக்குப் பார் மகன்" என்று அந்த வட்டத்தில் விரல் வைத்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை.