நீலம்னு சொன்னேன்!

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, 'என் கார்ல ஹீட்டர் ரிப்பேர்' என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'பாவம், வெயில் மண்டைக்கு ஏறிருச்சு' என்று ஒரு சர்பத் வாங்கிக் கொடுப்பார்கள். சித்திரையில் தார் உருகிச் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற ஊர். கண்மாய்கள் வருஷத்தில் பாதி நாள் கிரிக்கெட் மைதானம். அங்கிருந்து திருச்சுழி போகிற வழியில் சீமைக் கருவேலம்கூட யோசித்து யோசித்துத்தான் நிழல் போடும். இங்கே போய் காருக்கு ஹீட்டரா?

உண்டு சார். டீசல் அம்பாசிடர் வைத்திருக்கிற எவரையாவது கேளுங்கள். காலையில் சாமி கும்பிடுகிறாரோ இல்லையோ, ஹீட்டர் போட்டுப் பதினைந்து எண்ணிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

எங்கள் வண்டியை அப்பா 1996ல் வாங்கினார். அப்போதே அது செகண்ட் ஹேண்ட். நூல் வியாபாரத்தில் அவர் கண்ட ஒரே லாபம் அதுதான் என்று அம்மா சொல்வாள். உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பதை 2014ல் நிறுத்தியபோது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, 'இனிமே இதுக்குத்தான்டா மவுசு' என்றார். பி.காம் படித்த எனக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. பழைய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. டயர், பேட்டரி, எஃப்.சி. எல்லாம் தனி. தேய்மானம் போட்டுக் காட்டினேன். குறைந்து செல்லும் மதிப்பு முறையில் எத்தனை வருஷம் தேய்த்தாலும் மதிப்பு பூஜ்யத்துக்கு வராது என்று நான் வாய் தவறிச் சொன்னதை மட்டும் அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 'பாத்தியா, உன் படிப்பே சொல்லுது!'

மதுரையில் கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி விடுகிற ஒருவர் 60,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். எனக்கு அது ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு முன்பணம். அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: 'இன்ஜின் போச்சுன்னா குடுத்துரு. அதுவரைக்கும் இந்தப் பேச்சு எடுக்காத.'

அந்த மார்கழியில் வண்டி தானாகவே வழிக்கு வந்தது.

விடியற்காலை ஐந்து மணி. திருச்சுழி கோயில் ஸ்பீக்கர் ஒரு பக்கம். எங்கள் வண்டி ஒரு பக்கம். 'கர்ர்ர்ர்... கர்ர்ர்ர்...' என்று இழுத்து, கடைசியில் பிடித்ததும் டொக்கு டொக்கு என்று உரலில் கம்பு இடிக்கிற சத்தம். வண்டி முழுக்கக் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறுகிறது. பின்னால் புகை. புகை என்றால் சாதாரணப் புகை இல்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை கோலத்தோடு சேர்ந்து காணாமல் போய்விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. 'தம்பி, பஞ்சாயத்துல கொசு மருந்து அடிக்கச் சொன்னாகளா?' ஐந்து நிமிஷம் கழித்துப் புகை அடங்கி, உதறல் நின்று, வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. ரமண மகரிஷி 1879ல் பிறந்த ஊர் எங்களுடையது. எங்கள் வண்டியும் தினம் காலையில் 'நான் யார், காரா லாரியா?' என்று விசாரணையில் இறங்கிவிடும்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு கண்ணிலும் புரை. ஆள் அசைவது தெரியும். யார் என்று தெரியாது. ஆபரேஷனுக்கு ஜனவரியில் தேதி வாங்கியிருந்தோம்.

"சத்தம் சரியில்லையே. புகை என்ன கலர்டா?"

இந்த இடத்தில் ஒரு சின்னப் பாடம். டீசல் வண்டி கறுப்பாகப் புகைத்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளை என்றால் டீசல் முழுசாக எரியாமல் வெளியே வருகிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயிலே எரிகிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதாவது இன்ஜினைப் பிரிக்க வேண்டும், பெரிய செலவு. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என்னை டிக்கிப் பக்கம் நிற்க வைத்து இதைச் சொல்லிக் கொடுத்ததே அப்பாதான்.

பார்த்தேன். வெள்ளை. இட்லி வெள்ளை.

"நீலம்ப்பா" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன். நீலந்தான்."

"சரி, அணைச்சிரு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். காபி ஆறிப்போய் ஆடை கட்டித் திண்ணையிலேயே இருந்தது. சண்டை போடுவார், நாலு மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்வார் என்று பதில்களோடு தயாராக இருந்தேன். ரெண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, 'அந்த மதுரைக்காரரை வரச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கு பஸ்ல போய்க்கிருவோம்' என்றார். ஜெயித்தவன் சந்தோஷமாகத் தூங்க வேண்டுமா இல்லையா? நான் தூங்கவில்லை.

மதுரைக்காரர் வருகிற அன்று விடிகாலையில் அப்பா என்னை எழுப்பினார். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு. கேட்டுக்கறேன்."

அதே இழுப்பு, அதே டொக்கு, அதே கொசு மருந்து. அப்பா மட்கார்டைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனார். சைலன்சர் பக்கம் குனிந்தார். மூக்கை உறிஞ்சினார். அவ்வளவுதான், எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"டேய்... இது ஆயில் வாடை இல்லடா. பச்சை டீசல் வாடை. கண்ணைக் கரிக்குது பாரு. வெள்ளைப் புகையில்ல இது?"

நான் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருட்டுக்குள்ள வெள்ளைகூட நீலமாத்தான் தெரியும்" என்றார் அவரே. பிறகு, "இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல. ஹீட்டர் பிளக்கு போயிருக்கும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விஷயம் இதுதான். பெட்ரோல் வண்டியில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலுக்கு அது கிடையாது. காற்றை இருபது பங்குக்கு மேல் நசுக்குவார்கள். நசுங்கிய காற்று ஐநூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற இரும்பு, அந்தச் சூட்டைக் குடித்துவிடுகிறது. அதற்கு இமயமலைக் குளிர் வேண்டாம், நம் மார்கழியின் இருபது டிகிரியே இந்த மாதிரிப் பழைய இன்ஜினுக்குப் போதும். அதனால் டீசல் பீச்சுகிற அறைக்குள் ஒரு விரல் நீளக் கம்பியைப் பேட்டரி கரண்ட்டில் சிவக்கச் சிவக்கக் காய வைக்கிறார்கள். அதுதான் ஹீட்டர். நாலு சிலிண்டருக்கு நாலு. ஒன்று செத்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் எரியாமல் வெள்ளையாகத் துப்பும். சில சமயம் டீசல் சேர்ந்து சேர்ந்து மொத்தமாகப் பற்றி டொக்கென்று அடிக்கும். இன்ஜின் சூடானதும் எல்லாம் சரியாகிவிடும்.

சரியாகிவிடுவதுதான் பிரச்னை! மதுரைக்காரருக்கு போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அருப்புக்கோட்டை மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனோம். டாக்டரைப் பார்த்ததும் இருமல் நின்றுபோகிற மாதிரி வண்டி சமர்த்தாக நின்றது. "வண்டி தங்கமாட்டம் இருக்குண்ணே" என்றார் மெக்கானிக். ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் விட்டுவிட்டு வந்தால்தானே!

மெக்கானிக் வண்டியைக் கிளப்பி உதற விட்டார். ஸ்பேனரை எடுத்து நாசிலுக்குப் போகிற குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி உடனே இறுக்கினார். முதலாவதைத் தளர்த்தியதும் சத்தம் தொய்ந்தது. ரெண்டாவது, அதேபோல. மூன்றாவதைத் தளர்த்தினார், சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மூணு" என்றார் அப்பா, கண்ணை மூடிக்கொண்டே.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். "ஐயா தொழில் தெரிஞ்சவுக போல."

ஆபீஸிலும் நாங்கள் இப்படித்தான் கண்டுபிடிப்போம். யார் லீவு போட்டால் வேலையில் வித்தியாசமே தெரியவில்லையோ அவர்தான் ஆள். (நீங்கள் வீட்டில் இந்த ஸ்பேனர் வேலையைச் செய்ய வேண்டாம். அந்தக் குழாயில் டீசல் வருகிற வேகத்துக்குத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விளையாட்டில்லை.)

பிறகு இன்ஜினை அணைத்து, ஹீட்டர் பிளக்குகளை இணைக்கிற பட்டையைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஒரு பல்பு வழியாக ஒவ்வொன்றையும் தொட்டார். ஒன்று, ரெண்டு, நாலு எரிந்தன. மூன்று எரியவில்லை. கழற்றினால் முனையே கரைந்துபோயிருந்தது.

"நாசில் லேசா ஒழுகியிருக்கு, அதான் முனையைத் தின்னிருக்கு. ஆமா, ஹீட்டரை எம்புட்டு நேரம் பிடிப்பீக?"

"ஒரு நிமிஷம். குளிரா இருந்தா ஒன்றரை..." என்றேன், பெருமையாக.

"பதினஞ்சு இருவது எண்ணினாப் போதும்ணே. கோயில்ல நின்னு வேண்டுற மாதிரி பிடிச்சா கருகாம என்ன செய்யும்?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எப்படி என்று அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாலு பிளக்கையும் மாற்றி, நாசிலைச் சரிபார்த்து, துளையில் படிந்த கரியைச் சுரண்டி எல்லாம் முடித்தபோது ஆன செலவு, நான் வாங்க நினைத்த காரின் ஒரு மாதத் தவணைகூட இல்லை.

அன்று ராத்திரி ஜெர்மனியில் இருக்கிற சித்தப்பா பையனிடம் போனில் இதைச் சொன்னேன். 'என் வண்டியிலயும் அதே கதை!' என்றான். அங்கே டீசல் கார்களில் ஆளைச் சூடாக்கவே தனியாக ஒரு ஹீட்டர் வைக்கிறார்கள். இன்றைய டீசல் இன்ஜின் சூட்டை அவ்வளவாக வீணாக்காதாம். பனியில் கார் உள்ளே சூடேற நேரமாகும். அதனால் கொஞ்சம் டீசலைத் தனியாக எரிக்கிற குட்டி அடுப்பு. அதுவும் வெள்ளையாகப் புகைத்து, விமானம் கிளம்புகிற மாதிரி ஊளையிட்டதாம். பிரித்தால் உள்ளே கரி. பக்கத்துக் கடைக்கு ரெண்டு நிமிஷம் ஓட்டி ஓட்டி, அடுப்பு நன்றாகக் காய்வதற்குள் அணைத்ததால் வந்த வினை. நான் அதிகம் பிடித்துக் கெடுத்தேன், அவன் சீக்கிரம் அணைத்துக் கெடுத்தான். ஒரே தாத்தாவின் பேரன்கள்!

ஜனவரியில், இருட்டோடு கிளம்பினோம். ஹீட்டரைப் போட்டு நான் எண்ண, பின்சீட்டில் அப்பாவும் முணுமுணுத்து எண்ணினார். பதினைந்தில் சாவியைத் திருப்பினேன். ஒரே பிடி. காரியாபட்டி தாண்டும்போது விடிந்தது. மதுரையில் 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரிதான். முதலில் வலது கண்.

மறுநாள் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தோம். இறங்கியதும் அப்பா கறுப்புக் கண்ணாடியோடு வண்டியை ஒரு சுற்று சுற்றினார். இடது முன் மட்கார்டு அருகே நின்றார். விரலால் தடவினார்.

"இந்த ஒடுக்கு எப்ப விழுந்துச்சு?"

"அது... ரெண்டு வருஷம் இருக்கும்ப்பா. பந்தல்குடி ரோட்ல."

"மாடு லேசா உரசிட்டுப் போச்சுன்னு சொன்னியே, அதா? பெயின்ட்டு வேற கலர்ல அடிச்சிருக்க."

"ஆமாப்பா."

"ம்" என்று பின்பக்கம் போய் நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணு. புகை என்ன கலர்னு நீ சொல்ல வேண்டாம்."