மிதவையைத் தொட்ட படகு

சென்னைத் துறைமுகம். காலை ஏழு மணி. வாயில் காவலர் அனுமதிச் சீட்டைப் பார்க்கிறார். காரின் மேல் கட்டியிருக்கும் நீளப் பையைத் தட்டிப் பார்க்கிறார். உள்ளே பாய். கை அசைக்கிறார். கார் நகர்கிறது.

கன்டெய்னர்களையும் கிரேன்களையும் கடந்தால் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். 1911இல் தொடங்கியது. துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங் முன்னின்று தொடங்கினார். தரையில் 31 சிறு படகுகள். எல்லாம் ஆப்டிமிஸ்ட். ஒவ்வொன்றும் 2.3 மீட்டர் நீளம். ஒரு பாய், ஒரு பிள்ளை. ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947இல் ஒட்டுப்பலகையில் செய்வதற்கென்று வரைந்த வடிவம். பதினைந்து வயது வரைதான் இதில் பந்தயம்.

அறிவிப்புப் பலகை. நான்கு குண்டூசிகளில் பந்தய அறிவுறுத்தல்கள். பெற்றோர் செல்போனில் படம் எடுக்கிறார்கள். சிவப்புத் தொப்பி போட்ட பெண்ணுக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். அவள் படம் எடுக்கவில்லை. படகின் உள்பக்கம் வெள்ளை டேப்பை ஒட்டி, மார்க்கரால் எழுதுகிறாள். தொடக்கம், 1, 2, 3, முடிவு. பலகைக்குப் போய் ஒத்துப் பார்க்கிறாள். திரும்பி வந்து 2க்கு அடியில் ஒரு கோடு இழுக்கிறாள்.

கம்பத்தில் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டமிட்ட கொடி ஏறுகிறது. எல் கொடி. ஹார்ன் ஒரு முறை ஊதுகிறது. புதிய தாள் ஒட்டியாயிற்று என்று அர்த்தம். இட்லிப் பொட்டலங்கள் பாதியில் மடிகின்றன. தாளில் ஒரே வரி. மூன்றாம் மிதவை ஆரஞ்சு இல்லை, மஞ்சள். சிவப்புத் தொப்பி டேப்பில் 3க்குப் பக்கத்தில் 'ம' என்று எழுதுகிறாள்.

சரிவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேசையில் நீளத்தாள். பாய் எண், பெயர், புறப்பட்ட கையெழுத்து, திரும்பிய கையெழுத்து. கையெழுத்துப் போடாத படகு தண்ணீரில் இறங்குவதில்லை. மேசைக்காரர் ஒவ்வொரு லைஃப் ஜாக்கெட்டையும் தோளில் பிடித்து மேலே இழுக்கிறார்.

"க்ளிப் போடு பாப்பா."

"போட்டுட்டேன்ணா."

"விசில்?"

அவள் ஊதிக் காட்டுகிறாள். வரிசையில் பின்னால் நிற்கும் இருவர் நேத்ரா குமணனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சென்னைக்காரர். பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். விசில் சத்தத்தில் பேச்சு நிற்கிறது, மறுபடி தொடர்கிறது.

கடல். கமிட்டிப் படகு நங்கூரம் போட்டு நிற்கிறது. அதன் கம்பத்தில் ஆரஞ்சுக் கொடி. அங்கிருந்து ஒரு மிதவை வரை தொடக்கக் கோடு. தண்ணீரில் எந்தக் கயிறும் கிடையாது. அந்தக் கோட்டைக் கண்ணால்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் கோட்டின் முனைக்குப் போய், மிதவைக்கு நேராகக் கரையில் தெரியும் ஒரு கட்டடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.

காற்று இல்லை. சிவப்பும் வெள்ளையும் வரிவரியான நீளக் கொடி ஏறுகிறது. ஹார்ன் இரண்டு முறை. பந்தயம் தள்ளிவைப்பு. பாய்கள் தொங்குகின்றன. ஒருவன் வாழைப்பழம் உரிக்கிறான், தோலைப் படகுக்குள்ளேயே வைக்கிறான். ஒருத்தி படகில் சேர்ந்த தண்ணீரை அள்ளி ஊற்றுகிறாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் அள்ளுகிறாள்.

கமிட்டிப் படகில் ஓர் அதிகாரி காற்றுமானியை உயர்த்திப் பிடிக்கிறார். நோட்டில் எழுதுகிறார். உட்காருகிறார். எழுந்து மறுபடி உயர்த்துகிறார்.

தென்கிழக்கில் கடல் கறுக்கிறது. கறுப்பு நெருங்கி வருகிறது. முதல் பாய் நிமிர்கிறது, பிறகு பத்து, பிறகு எல்லாம். அதிகாரி திசைகாட்டியைக் கண்ணருகே வைக்கிறார். ரப்பர் படகு கோட்டு மிதவையைப் பத்து மீட்டர் நகர்த்துகிறது. அதிகாரி தலையை ஆட்டுகிறார். இன்னும் ஐந்து மீட்டர்.

வரிக்கொடி இறங்குகிறது. ஒரு ஹார்ன். ஒரு நிமிடம் கழித்து ஆப்டிமிஸ்ட் வகுப்புக் கொடி ஏறுகிறது. ஒரு ஹார்ன். தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம். 31 மணிக்கட்டுகளில் கடிகாரம் அமுக்கப்படுகிறது.

நான்கு நிமிடம். நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் வைத்த கொடி. இனி எல்லாப் படகும் பந்தயத்தில் இருப்பதாகக் கணக்கு. ஹார்ன் பித்தானை அழுத்துகிறார்கள். காற்று மட்டும் சீறுகிறது. டப்பா காலி. யாரும் கடிகாரத்தை நிறுத்தவில்லை. சத்தம் வராவிட்டாலும் கொடிதான் கணக்கு. விதி 26.

ஒரு நிமிடம். நீலக்கொடி இறங்குகிறது. புது டப்பா, நீண்ட ஹார்ன். படகுகள் தோளோடு தோள் உரசுகிற தூரத்தில் நிற்கின்றன. "மேல வராதே, மேல வராதே!" வகுப்புக் கொடி இறங்குகிறது. தொடங்கியாயிற்று.

உடனே இன்னொரு கொடி. வெள்ளையில் நீலச் சிலுவை. ஒரு ஹார்ன். யாரோ முந்திக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். யார் என்று கொடி சொல்வதில்லை. கமிட்டியும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பையன் திரும்பிப் பார்க்கிறான். பாயை விடுகிறான். எல்லாருக்கும் வழிவிட்டுக் கோட்டுக்குக் கீழே வந்து மறுபடி தொடங்குகிறான். கொடி இறங்கவில்லை. இன்னொரு படகு பாக்கி. அது முன்வரிசையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கமிட்டிப் படகில் ஒருவர் அதன் பாய் எண்ணை ஒலிப்பதிவுக் கருவியில் சொல்கிறார். நான்கு நிமிடம் ஆனதும் கொடி இறங்குகிறது.

காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. படகுகள் வலமும் இடமுமாக வெட்டி வெட்டி ஏறுகின்றன. இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் வாங்கும் படகுக்கு விலக வேண்டும். "ஸ்டார்போர்ட்!" ஒரு குரல். மோதல் சத்தம். "ப்ரொடெஸ்ட்!" அதே குரல். ஆறு மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள படகு என்றால் சிவப்புக் கொடியும் காட்ட வேண்டும். இவர்களுக்குக் குரல் போதும்.

முதல் மிதவை. மூன்று படகு நீளத்துக்குள் வந்துவிட்டால் உள்பக்கப் படகுக்கு இடம் தர வேண்டும். ஏழாவதாகச் சிவப்புத் தொப்பி வருகிறாள். பக்கத்தில் யாரும் இல்லை. அலை ஒன்று தூக்குகிறது. பாயின் அடிக்கழி மிதவையில் லேசாக உராய்கிறது. மிதவை ஆடுகிறது.

நடுவர் படகு தொலைவில், இரண்டாம் மிதவைக்குப் பக்கத்தில். முன்னால் போனவர்களின் முதுகுதான் அவள் பக்கம். பின்னால் வருபவர்களின் கண் அவரவர் பாயில்.

அவள் மிதவையை விட்டு ஒதுங்குகிறாள். சுக்கானைத் தள்ளுகிறாள். படகு காற்றுக்கு எதிரே திரும்பி, காற்றோடு திரும்பி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. மிதவையைத் தொட்டதற்குத் தானே எடுத்துக்கொள்ளும் தண்டனை. நான்கு பாய்கள் அவளைக் கடக்கின்றன. சுற்று முடிந்து அவள் கயிற்றை இழுக்கும்போது பதினொன்றாவது.

பின்னால் ஒரு படகு கவிழ்கிறது. பையன் தண்ணீரில். விசில். பக்கத்தில் போகிறவன் பாயை விட்டுவிட்டு அவனருகே நிற்கிறான். மீட்புப் படகு வந்து சேரும் வரை நகரவில்லை. மீட்புப் படகுக்காரர் நின்றவனின் பாய் எண்ணைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார். விதி 1இன் தொடக்கம் ஒரே வாக்கியம்: ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த உதவியெல்லாம் செய்ய வேண்டும். மற்ற விதிகளெல்லாம் அதற்குப் பிறகு.

இப்படி உதவிக்கு நின்ற இன்னொருவர் உண்டு. 1988 செப்டம்பர். சியோல் ஒலிம்பிக்கின் படகுப் பந்தயம் பூசன் கடலில். கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாவதாகப் போகிறார். வேறொரு பந்தயத்தின் சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து கிடக்கிறது. அவர் பாதையை விட்டுப் போய் இருவரை மீட்கிறார். பிறகு பந்தயத்துக்குத் திரும்புகிறார். நடுவர் குழு அவருக்கு இரண்டாம் இடத்தைத் திருப்பித் தருகிறது. மொத்தத்தில் அவருக்குப் பதினொன்றாம் இடம். பியர் தெ கூபர்த்தின் பெயரிலான பதக்கம் தனியாகக் கிடைக்கிறது.

பிற்பகல். கரை. நீளத்தாளில் இரண்டாம் கையெழுத்து நிரம்புகிறது. ஒரு கட்டம் காலி. மேசைக்காரர் எழுந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. ஓடுகிறார். குழாயடியில் பையன் படகைக் கழுவிக்கொண்டிருக்கிறான். ஈரக் கையோடு வந்து கையெழுத்துப் போடுகிறான். மை பரவுகிறது. மேசைக்காரர் உட்காருகிறார், தண்ணீர் குடிக்கிறார்.

விசாரணை அறை. மேசையில் விரல் நீளப் பொம்மைப் படகுகள். பக்கத்தில் விதிப்புத்தகம். வேர்ல்ட் செய்லிங் நான்காண்டுக்கு ஒரு முறை வெளியிடுவது. இது 2025-2028. மூன்று நடுவர்கள். எதிரே இரண்டு பையன்கள். முடி இன்னும் காயவில்லை.

"நீ எங்க இருந்தே? வைச்சுக் காட்டு."

ஒருவன் பொம்மையை வைக்கிறான். மற்றவன் அதை ஒரு விரற்கடை நகர்த்துகிறான்.

"காத்து எந்தப் பக்கம் வாங்கினே?"

"இடது, சார்."

"அவன் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார். முன்னால போயிடலாம்னு நெனச்சேன்."

"அப்புறம் தண்டனையா ரெண்டு சுத்து சுத்தினியா?"

பையன் பொம்மைப் படகைப் பார்க்கிறான்.

"இல்ல சார்."

இருவரும் வெளியே அனுப்பப்படுகிறார்கள். பெஞ்சில் அருகருகே உட்காருகிறார்கள். ஒருவன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து மற்றவனுக்கு நீட்டுகிறான். கதவு திறக்கிறது.

மாலை. முடிவுத் தாள். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2. குறைந்த புள்ளிக்காரரே வெற்றியாளர். முந்திக் கோட்டைத் தாண்டித் திரும்பாதவருக்கு 32. சுற்றாத பையனுக்கு 32. உதவிக்கு நின்றவனுக்கு அவனுடைய மற்றப் பந்தயங்களின் சராசரி.

சிவப்புத் தொப்பிக்கு 9. மிதவையைத் தொட்டதாக யார் மீதும் அன்று புகார் பதிவாகவில்லை.